மார்க் ட்வைனைத் தோண்டிப் படிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனின் புகழ்பெற்ற நாவல்களான டாம் சாயரையும் ஹக்கிள்பெரி ஃபின்னையும் முடித்துவிட்டு, ‘இந்த மனுஷன் வேறு என்னதான் எழுதினார்?’ என்று தேடுகிறவர்கள் சீக்கிரமே ‘தி மிஸ்டீரியஸ் ஸ்ட்ரேஞ்சர்’ நாவலுக்கு வந்துவிடுவார்கள். எந்தப் பதிப்பு என்று பார்க்காமல் எடுப்பதுதான் பெரிய தவறு.

ட்வைன் இறந்தது 1910-இல். அந்த நாவல் வெளிவந்தது 1916-இல். அவருடைய கையெழுத்துப் பிரதிகளைக் கையில் வைத்திருந்த ஆல்பர்ட் பிகலோ பெய்ன், பதிப்பக ஆசிரியர் ஒருவரோடு சேர்ந்து, முடிக்காத ஒரு வரைவில் கை வைத்தார். கதையில் வரும் கெட்ட பாதிரியாரின் வேலைகளைத் தூக்கி, அந்த வரைவிலேயே இல்லாத ஒரு ஜோசியர் தலையில் கட்டினார்கள். முடிவு? அது வேறொரு வரைவிலிருந்து வெட்டி ஒட்டியது. 1963-இல் ஜான் டக்கி என்ற ஆய்வாளர் குட்டை உடைக்கும்வரை எல்லாரும் இதை ட்வைன் எழுத்தென்றே படித்தார்கள். இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் இந்த ஒட்டுப்போட்ட பதிப்புதான். தலைப்பில் ‘நம்பர் 44’ என்று இருந்தால் அது ட்வைன் எழுதிய வரைவு, நம்பி எடுக்கலாம்.

அடுத்தது பயண நூல்கள். கடனை அடைக்க ஊர் ஊராக மேடையேறியவர் 1896-இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்தார். அதை எழுதிய ‘ஃபாலோயிங் தி ஈக்வேட்டர்’ நூலை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க உட்காராதீர்கள். வழிப்போக்கர்களைக் கொன்று கொள்ளையடித்த தக்கர்களைப் பற்றிய அத்தியாயங்களில் அடுத்தவர் புத்தகத்திலிருந்து எடுத்துப் போட்டதே ஏராளம். நேரே பம்பாய்க் காக்கைகளுக்குப் போய்விடுங்கள். பால்கனிக் கம்பியில் வந்து உட்கார்ந்து, அவர் உடையையும் தலைமுடியையும் அரசியலையும்கூடத் தங்களுக்குள் விவாதிக்கின்றன. நம் வீட்டு மொட்டை மாடியில் நடப்பதுதான்!

ட்வைன் பெயரில் சுற்றும் பொன்மொழிகளை வைத்து அவரை எடைபோடுவதும் வேண்டாம். சான் பிரான்சிஸ்கோவின் கோடைக்காலம்தான் தான் கண்ட மிகக் குளிரான பருவம் என்ற பிரபல வரி அவர் எழுத்தில் எங்குமே இல்லை.

அப்புறம், கடைசிக்காலத்தில் வெளியிட்டதெல்லாம் வெறும் கசப்பு என்று ஒதுக்குவது. 1909-இல் நூலாக வந்த கேப்டன் ஸ்டார்ம்ஃபீல்டின் சொர்க்கப் பயணத்தைப் படியுங்கள். செத்துப்போன கேப்டன் தவறான வாசலில் போய் நின்று, தான் சான் பிரான்சிஸ்கோக்காரன் என்கிறார். குமாஸ்தாவுக்குப் புரியவில்லை. கலிஃபோர்னியா என்கிறார், அமெரிக்கா என்கிறார், கடைசியில் ‘உலகம்’ என்கிறார். உலகம் கோடிக்கணக்கில் இருக்கிறதே, அதில் எது? ஒருவர் பலூனில் ஏறி, ஒரு மாநிலம் அளவுள்ள வரைபடத்தில் நாள்கணக்கில் தேடுகிறார். கிடைத்தது மாதிரி இருக்கிறது, ஆனால் ஈ எச்சமாகவும் இருக்கலாம் என்று இறங்கி வந்து, நுண்ணோக்கியோடு மறுபடி ஏறுகிறார். ஒருவழியாக நம் பூமி அகப்படுகிறது. அங்கே அதற்குப் பெயர் ‘மரு’.