மெகாபார்செக்கில் பிழைச்செய்தி சரியான இடத்தைக் காட்ட: ட்ரையைக் குறையுங்கள்

மெகாபார்செக் என்பது ஹாஸ்கெல் நிரல்மொழியில் பார்சர் (உரையை விதிப்படி படித்துப் பிரிக்கும் நிரல்) எழுத உதவும் நூலகம். அதில் பழகுபவர்கள் எங்கே சிக்கினாலும் ட்ரை (try: உள்ளே இருப்பது தோற்றால் உள்ளீட்டைப் பழைய இடத்துக்குத் திருப்புவது) போட்டுவிடுகிறார்கள். பார்சர் ஓடிவிடும், பிழைச்செய்திதான் கெட்டுப்போகும். ஒரு சின்னக் கோப்பை எடுத்துக்கொள்வோம்:

விலை = 40;
எடை = ;

இரண்டாம் வரியில் எண் இல்லை. பார்சர் இது (மெனி என்றால் முடிந்தவரை திரும்பத் திரும்பப் படிப்பது, ஈஓஎஃப் என்றால் கோப்பின் முடிவு):

வரி = ட்ரை (பெயர் *> சமம் *> எண் *> அரைப்புள்ளி)
கோப்பு = மெனி வரி <* ஈஓஎஃப்

இதை ஓட்டினால், இரண்டாம் வரியின் தொடக்கத்தில் 'எ' வந்திருக்கக் கூடாது, கோப்பு அங்கே முடிந்திருக்க வேண்டும் என்று செய்தி வரும். எண்ணைப் பற்றிப் பேச்சே இல்லை. ஏன்? எண் இல்லாத இடத்தில் வரி தோற்றதும், ட்ரை உள்ளீட்டை வரியின் தொடக்கத்துக்கே திருப்பிவிடுகிறது. எதையும் படிக்காமல் தோற்றதாக எடுத்துக்கொண்டு மெனி வெற்றியோடு முடிகிறது. உண்மையான பிழை அங்கேயே தொலைந்துவிட, அடுத்து வரும் ஈஓஎஃப் சம்பந்தமில்லாமல் புகார் சொல்கிறது.

படி 1: அந்த ட்ரையை நீக்குங்கள். இப்போது பிழை '=' தாண்டி ';' மேல் விழும்.

படி 2: பிழைச்செய்தியில் வர எண்ணுக்குப் பெயர் கொடுங்கள் (சம் டிஜிட்சார் என்றால் ஒன்றோ அதற்கு மேலோ இலக்கங்கள்).

எண் = சம் டிஜிட்சார் <?> "முழு எண்"

உள்ளீட்டைத் தொடாமல் தோற்றால்தான் <?> வேலை செய்யும். அதனால் ட்ரைக்கு வெளியே அதை ஒட்டாதீர்கள்: பிழையின் இடம் உள்ளே ஆழத்தில் இருக்கும், பெயர் மட்டும் முழு வரிக்கானதாக வரும். படிப்பவர் குழம்பிவிடுவார்.

படி 3: ட்ரை தேவைப்படும் இடம், பல வடிவங்களில் எந்தக் கிளை என்று தீர்மானிக்கும் முதல் சொல் மட்டுமே. மெகாபார்செக்கில், குறிப்பிட்ட சொல்லைப் படிக்கும் ஸ்ட்ரிங் தோற்றால் தானாகவே பின்வாங்கும், அதற்கு ட்ரை வேண்டாம். அதன் முன்னோடி நூலகமான பழைய பார்செக்கில் அப்படி இல்லை.

தமிழ்ப் பெயர்களை ஏற்கிறீர்களா? எழுத்து வகையை மட்டும் ஏற்கும் லெட்டர்சார் போதாது. யூனிகோடில் 'ி', 'ை', புள்ளி எல்லாம் எழுத்து வகையில் சேராது, குறி வகை. 'விலை'யின் இரண்டாம் குறியீட்டிலேயே பார்சர் நின்றுவிடும். முதல் எழுத்துக்குப் பிறகு இஸ்ஆல்ஃபா (எழுத்தா), இஸ்மார்க் (குறியா) இரண்டில் எது பொருந்தினாலும் ஏற்கும் சாட்டிஸ்ஃபை (நிபந்தனை பார்த்து ஏற்பது) எழுதுங்கள்.

படி 4: முதல் வரியின் ';' ஐ அழித்து ஓட்டுங்கள். பிழை இரண்டாம் வரியைக் காட்டினால், எண்ணுக்குப் பின் இடைவெளியை விழுங்கும் ஸ்பேஸ் புதுவரியையும் சேர்த்து விழுங்குகிறது. அங்கே ஸ்பேஸுக்குப் பதில், புதுவரியை விழுங்காத எச்ஸ்பேஸ் போடுங்கள். அரைப்புள்ளிக்குப் பிறகு மட்டும் புதுவரியைத் தாண்டவிடுங்கள். பிழை முதல் வரியின் முடிவுக்கே வந்துவிடும்.