போலீஸ் குறிப்பு செய்தியாகும் முன்: குற்றச் செய்தி, கோர்ட் செய்தி எழுதுபவர்களுக்கு

மாவட்டத்தில் நடக்கும் குற்றம் பெரும்பாலும் வாட்ஸ்அப் குழு வழியாகத்தான் செய்தியறைக்கு வருகிறது. காவல் துறையின் செய்திக் குறிப்பு, ஒரு போட்டோ, சில நேரம் ஒரு வீடியோ. கையில் இருப்பது 15 நிமிடம். பெயர் வெளிவந்து சிக்கலான செய்திகளைப் பின்னோக்கிப் பார்த்தால், கெட்ட எண்ணத்தால் நடந்தவை குறைவு. குறிப்பை அப்படியே எடுத்துப் போட்டதால் நடந்தவைதான் அதிகம். போலீஸே கொடுத்தது என்பது சட்டத்தின் முன் உங்களுக்குப் பாதுகாப்பு ஆகாது.

2019ல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளம் காவல் துறை வழியாகவும், அரசாணை வழியாகவுமே வெளியே வந்தது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் பாலியல் வன்கொடுமை வழக்கில் எஃப்ஐஆர் கசிந்தது. அப்போது சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட இடைக்கால இழப்பீடும் அதே 25 லட்சம்தான். இரண்டு முறையும் கசிவு தொடங்கிய இடம் அரசுத் தரப்பு. ஊரெல்லாம் பரப்பும் வலிமை ஊடகத்திடம் இருந்தது.

முதல் வேலை: யாரைத் தொடக் கூடாது என்று பிரிப்பது

குறிப்பில் வரும் ஒவ்வொரு ஆளையும் தனித்தனியாகப் பாருங்கள். பாலியல் வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால், பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 228ஏ). போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்கு என்றால் 23ஆம் பிரிவு. அது பெயரோடு நிற்பதில்லை. முகவரி, போட்டோ, குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் எல்லாவற்றையும் சேர்த்துத் தடுக்கிறது. தண்டனை 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். எழுதிய நிருபரோடு நிறுவனத்தின் உரிமையாளரும் வெளியீட்டாளரும் சேர்ந்தே பொறுப்பு. சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் சிறுவனையும் காக்கிறது, சாட்சியாக வரும் குழந்தையையும் காக்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 17 வயதுப் பையன் கொலை வழக்கில் பிடிபட்டால் ஊரே பெயரைச் சொல்லும். நீங்கள் சொல்லக் கூடாது.

‘அம்மாவே கேமரா முன் பேசினார், அனுமதி இருக்கிறது’ என்ற வாதம் நிற்காது. உயிரோடு இருக்கும், வயது வந்த பெண் தானே எழுத்தில் அனுமதி தரலாம். குழந்தை என்றாலோ, இறந்துவிட்டார் என்றாலோ, உறவினர் தரும் அனுமதி அங்கீகரிக்கப்பட்ட நல அமைப்பின் தலைவர் அல்லது செயலாளருக்கு மட்டுமே செல்லும், பத்திரிகைக்குச் செல்லாது. நிபுன் சக்சேனா வழக்கில் (டிசம்பர் 2018) உச்ச நீதிமன்றம் இதை விளக்கமாகச் சொல்லிவிட்டது. இறந்தவருக்கு நீதி கேட்டு அவர் படத்தோடு போடும் பதிவும் இதில் அடங்கும். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனை வழக்கில், இறந்த மருத்துவரின் பெயரையும் படங்களையும் சமூக வலைத்தளங்களிலிருந்து நீக்கச் சொன்னதும் அதே நீதிமன்றம்தான். போராட்டத் தட்டியில் முகம் இருந்தால் தட்டியை மங்கலாக்குங்கள்.

வயது வந்தவரிடம் அனுமதி வாங்குவதாக இருந்தால் அவர் கையெழுத்தோடு, தேதியோடு வாங்குங்கள். பெயர் மட்டுமா, முகமுமா, அச்சிலா, யூடியூபிலுமா என்று வரி வரியாக எழுதியிருக்க வேண்டும். மறுநாள் அவர் மனம் மாறினால் எடுத்துவிடும் வழியும் அதில் இருக்கட்டும்.

ஒரு குறிப்பைப் பிரித்துப் பார்ப்போம்

அன்றாடம் வரும் வகையில் ஒரு மாதிரிக் குறிப்பு:

‘இன்ன கிராமத்தைச் சேர்ந்த 34 வயது லாரி டிரைவர், தன் இரண்டாவது மனைவியின் மகளான, உள்ளூர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 9ஆம் வகுப்பு படிக்கும் சிறுமிக்குப் பாலியல் தொல்லை கொடுத்துள்ளான். அனைத்து மகளிர் காவல் நிலைய ஆய்வாளர் போக்சோவில் வழக்குப் பதிந்து விசாரித்ததில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். குற்றவாளி சிறையில் அடைக்கப்பட்டான்.’

சிறுமியின் பெயர் இதில் எங்கும் இல்லை. ஆனாலும் அந்தக் கிராமத்தில் இதைப் படிக்கிற யாருக்கும் அவள் யார் என்று தெரிந்துவிடும். கிராமம், வகுப்பு, பள்ளி, அம்மாவின் மறுமணம், அப்பாவின் தொழில் என்று ஐந்து துண்டு. இரண்டு துண்டு சேர்ந்தாலே போதும். வெளியிடத் தக்க வடிவம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

‘சிறுமி ஒருவருக்குப் பாலியல் தொல்லை கொடுத்ததாக எழுந்த புகாரில், 34 வயது ஆண் ஒருவரை மாவட்டக் காவல் துறையினர் செவ்வாய்க்கிழமை கைது செய்தனர். போக்சோ சட்டத்தில் வழக்குப் பதிவு செய்யப்பட்டுள்ளது. நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தப்பட்ட அவர், நீதிமன்றக் காவலில் வைக்கப்பட்டார்.’

செய்தி சப்பென்று ஆகிவிட்டதே என்று செய்தி ஆசிரியர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும்.

உறவினரே குற்றம் சாட்டப்பட்டவராக இருக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு பத்திரிகை உறவைச் சொல்லாமல் அவர் பெயரைப் போடும். இன்னொன்று பெயரைப் போடாமல் ‘வளர்ப்புத் தந்தை’ என்று எழுதும். தனித்தனியே இரண்டும் சரி. சேர்த்துப் படித்தால் சிறுமி வெளிப்பட்டுவிடுவாள். அதனால் மாவட்ட நிருபர்கள் கூடிப் பேசி ஒரே வழியைப் பிடிப்பது நல்லது. குடும்பத்துக்குள் நடந்த வழக்கு என்றால் குற்றம் சாட்டப்பட்டவர் பெயரை விடுவதே பாதுகாப்பான வழி. ஏனென்றால் உறவு எப்படியும் கசியும்.

இணையத்தில் எழுதுபவர்கள் தவறவிடும் இடங்கள் தனி. தலைப்பிலிருந்து பெயரை எடுத்த பிறகும் அது இணைப்பு முகவரியில் ஆங்கில எழுத்தில் அப்படியே நிற்கும். படத்தின் கோப்புப் பெயரில் இருக்கும். ஏற்கெனவே போன நோட்டிபிகேஷனில் இருக்கும். யூடியூப் டேக்கில் இருக்கும். மின்னிதழ் பிடிஎஃப்பில் இருக்கும். வீடியோவுக்குள் முகத்தை மறைத்துவிட்டு தம்ப்நெயிலில் விட்டுவிடுவார்கள். பள்ளிச் சீருடை, பைக் நம்பர் பிளேட், வீட்டுக்குப் பின்னால் தெரியும் கோயில் கோபுரம், மாற்றாத குரல், இவை எல்லாமே அடையாளம்தான்.

அடுத்தது: குற்றம் சாட்டப்பட்டவரின் பக்கம்

மேலே மாற்றி எழுதியதில் ‘குற்றவாளி’ என்ற சொல் போய்விட்டதையும், ‘-ஆன்’ ‘-ஆர்’ ஆனதையும் கவனித்திருப்பீர்கள். தமிழில் வினைமுற்றே தீர்ப்புச் சொல்லிவிடும். காவல் நிலையத்தில் ‘கைது செய்யப்பட்டான்’, ஜாமீனில் வெளியே வந்ததும் ‘வந்தார்’ என்று ஒரே ஆளுக்கு மரியாதை ஏறி இறங்குவது நம் பத்திரிகைகளில் சகஜம். அமைச்சருக்கு ‘ஆர்’, கூலித் தொழிலாளிக்கு ‘ஆன்’ என்பது அதைவிடச் சகஜம். தீர்ப்பு வரும்வரை எல்லோருக்கும் ‘ஆர்’ என்று வைத்துக்கொண்டால் குழப்பமே இல்லை. ‘கூறப்படுகிறது’ என்பதையும் குறையுங்கள். யார் கூறினார்? போலீஸா, புகார்தாரரா, பக்கத்து வீட்டுக்காரரா? ‘காவல் துறை கூறுகிறது’ என்றால் வாசகர் எடைபோட்டுக்கொள்வார். ‘கூறப்படுகிறது’ என்றால் உண்மையென்றே எடுத்துக்கொள்வார். ‘கள்ளக்காதல்’ போன்ற சொல்லுக்கு இடமே வேண்டாம். இறந்த பெண்ணால் மறுக்க முடியாத பழி அது.

‘ஒப்புக்கொண்டார்’, ‘பரபரப்பு வாக்குமூலம்’. குற்றச் செய்தியிலேயே அதிகம் கெடுக்கும் வரிகள் இவை. போலீஸ் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சான்றாகாது. பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 23ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அதைக் கொண்டு ஏதாவது கண்டெடுக்கப்பட்டால், கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி மட்டும் செல்லும். மாஜிஸ்திரேட் முன் தரும் வாக்குமூலம் வேறு. நீதிபதி பார்க்கவே கூடாத ஒன்றை ஊர் முழுக்கப் படித்துவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து விடுதலையானதும் ‘ஒப்புக்கொண்டவனை விட்டுவிட்டார்கள்’ என்று நீதிமன்றத்தைத் திட்டும்.

போட்டோவிலும் இதே ஆபத்து உண்டு. சாட்சிக்கு முன்பின் தெரியாத ஆள் கைதானால், சிறையில் மாஜிஸ்திரேட் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடக்கும். கைதானவர் முகத்தைத் துணியால் மூடி அழைத்து வருவதற்கு இதுதான் காரணம். முகம் டிவியில் வந்துவிட்டால், குறுக்கு விசாரணையில் வக்கீல் கேட்கும் முதல் கேள்வி ‘அணிவகுப்புக்கு முன்பே இவர் படத்தைப் பார்த்தீர்களா?’ என்பதுதான். பார்த்தேன் என்றால் அந்த அடையாளம் காட்டலின் எடை போய்விடும். அதாவது, அவசரப்பட்டுப் போட்ட படம் உண்மையான குற்றவாளிக்கே உதவும். அணிவகுப்பு இருக்கிறதா என்று விசாரணை அதிகாரியிடம் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். தப்பியோடியவரைத் தேடக் காவல் துறை கொடுக்கும் படம் இதில் சேராது.

கையிலும் காலிலும் மாவுக்கட்டோடு, ‘தப்பியோடும்போது வழுக்கி விழுந்தார்’ என்ற குறிப்போடு வரும் படம் வேறு ரகம். அதைக் கிண்டலோடு போடுவது வழக்கமாகிவிட்டது. அங்கே பத்திரிகைச் சுதந்திரத்துக்கு வேலை இருக்கிறது. எங்கே விழுந்தார், எப்போது, மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது காயம் பதிவானதா, மருத்துவர் என்ன எழுதினார் என்று கேட்டு எழுதுங்கள்.

எந்தக் கட்டத்திலிருந்து எச்சரிக்கை வேண்டும்? நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் (1971), குற்ற வழக்கு நிலுவையில் இருப்பதாகக் கணக்கிடுவது குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து, அல்லது நீதிமன்றம் சம்மனோ வாரண்டோ அனுப்பியதிலிருந்து. அதற்கு முன் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று நினைக்க வேண்டாம். நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் மரணச் செய்திகள் தொடர்பாக 2021 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு, புலனாய்வுக் கட்டத்திலேயே ஊடக விசாரணை நீதிக்கு இடையூறாகும் என்றது. சாட்சிகளைப் பேட்டி எடுப்பது, சம்பவத்தை நடித்துக் காட்டுவது, வாக்குமூலத்தைத் தீர்ப்புபோல வெளியிடுவது எல்லாம் அதன் பட்டியலில் உண்டு. எஃப்ஐஆர் பதிவானதிலிருந்தே கவனமாக இருப்பது நல்லது.

கோர்ட்டில் எது தாராளம்

பொது நீதிமன்றத்தில் நடந்ததை நேர்மையாக, துல்லியமாக எழுதினால் அவமதிப்பு ஆகாது. அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. நீதிபதி வாய்மொழியாகச் சொன்னதையும் எழுதலாம். 2021 ஏப்ரலில் தேர்தல் ஆணையத்தைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் வாய்மொழியாகச் சொன்ன கடும் கருத்து செய்தியானது. அதை ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்று ஆணையம் உச்ச நீதிமன்றம் போனது. மே 6 அன்று அந்தக் கோரிக்கை மறுக்கப்பட்டது. ஆனால் வாய்மொழிக் கருத்தை ‘ஐகோர்ட் அதிரடி உத்தரவு’ என்று போடாதீர்கள். நோட்டீஸ் அனுப்பியது உத்தரவாகிவிடாது. ஜாமீன் கிடைத்தது விடுதலை ஆகிவிடாது. மனுவில் இருப்பதை ‘மனுவில் கூறப்பட்டுள்ளது’ என்றே எழுதி, எதிர்த்தரப்பு சொன்னதை அதே செய்தியில், முடிந்தால் முதல் மூன்று பத்திக்குள் கொண்டுவாருங்கள்.

பாலியல் வன்கொடுமை வழக்கின் விசாரணை மூடிய அறையில் நடக்கும். அனுமதியின்றி அந்த நடவடிக்கைகளை வெளியிட்டால் நியாய சன்ஹிதா 73ஆம் பிரிவு பாயும். குடும்ப நல வழக்குகளிலும் இதே கவனம் வேண்டும்.

பயந்து எல்லாவற்றையும் மறைப்பதும் தவறுதான். கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடக் கூடாது என்று சிறைத் துறை தடுக்க முயன்ற வழக்கில், 1994 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னவை இன்றைக்கும் நம் கைவாளும் கேடயமும். தனியுரிமை உண்டு. ஆனால் நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணங்களை அடிப்படையாகக் கொண்டு எழுதினால் அந்தப் பேச்சு எழாது. பாலியல் குற்றத்திலும் கடத்தலிலும் பாதிக்கப்பட்ட பெண்கள் மட்டும் அதற்கு விலக்கு. அதிகாரிகளின் பணி சார்ந்த செயலைப் பற்றி எழுதினால், அது பொய் என்றும், உண்மையா பொய்யா என்று கவலைப்படாமல் எழுதப்பட்டது என்றும் அவர்கள் நிரூபித்தால்தான் வழக்கு நிற்கும். வெளியாகும் முன்பே தடுக்கும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. காவல் மரணத்தில் ஆய்வாளர் பெயரை விட்டுவிட்டு ‘போலீஸ்காரர் ஒருவர்’ என்று எழுதுபவர்கள் இந்தத் தீர்ப்பை ஒருமுறை படிக்கலாம்.

தடை உத்தரவு வந்தால்

வக்கீல் நோட்டீஸ் வேறு, நீதிமன்றத் தடை வேறு. நோட்டீசைக் கண்டு செய்தியை எடுக்கத் தேவையில்லை. ஆதாரங்களைக் கோப்பில் சேர்த்து வைத்துப் பதில் அனுப்புங்கள். தடை உத்தரவு என்றால் கட்டுப்பட்டே ஆக வேண்டும். ஆனால் முதலில் நகலை வாங்குங்கள். யாரைக் கட்டுப்படுத்துகிறது, எந்தச் செய்தியை, எந்தத் தேதி வரை, உங்களைக் கேட்காமல் பிறப்பித்ததா என்று பாருங்கள். 2012ல் சஹாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், நியாயமான விசாரணைக்கு உண்மையான, கணிசமான ஆபத்து இருந்தால் மட்டும், குறுகிய காலத்துக்கு வெளியீட்டைத் தள்ளிவைக்கலாம் என்றது. 2024 மார்ச்சில் ப்ளூம்பெர்க் வழக்கில், விசாரணைக்கு முன்பே ஊடகத்தின் வாயைக் கட்டும் இடைக்காலத் தடையை அரிதாகவே தர வேண்டும் என்றது. ஒருதலையாகப் பெற்ற தடையை விலக்க மனுப் போடும்போது இந்த இரண்டையும் உங்கள் வக்கீல் கையில் கொடுங்கள். தடை இருப்பதையே செய்தியாக்கலாமா என்பதும் அந்த நகலின் வாசகத்தைப் பொறுத்தது.

விடுதலையான பிறகு

கைதுச் செய்தி முதல் பக்கத்தில், விடுதலைச் செய்தி எங்குமே இல்லை. இது சட்டக் குற்றமல்ல, ஆனால் ஆளைக் கொல்லும். பெயரோடு வெளியிட்ட கைதுச் செய்திகளுக்கு ஒரு எக்செல் பட்டியல் வையுங்கள். வழக்கின் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி எண்) அதில் போட்டால், இ-கோர்ட்ஸ் தளத்தில் ஒரு நிமிடத்தில் நிலையைப் பார்த்துவிடலாம். மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

விடுதலையானவர் பழைய செய்தியை நீக்கச் சொல்லிக் கேட்டால், போனில் சொன்னதற்காக அழிக்க வேண்டாம். தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கேளுங்கள். பழைய செய்தியின் உச்சியில், தேதியோடு, ‘இந்த வழக்கில் இவர் விடுதலை செய்யப்பட்டார்’ என்று சேருங்கள். அடியில் சேர்த்தால் யாரும் படிக்க மாட்டார்கள். தலைப்பையும் மாற்றுங்கள், தேடுபொறியில் முதலில் தெரிவது அதுதான். பெயரையே நீக்க வேண்டுமா என்பதில் சட்டம் இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. விடுதலையான ஒருவர் தன் பெயரை நீக்கக் கேட்ட வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 2021ல் மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு ஏற்றது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. சட்டம் தெளிவாகும்வரை ஒவ்வொரு கோரிக்கையையும் தனித்தனியாக எடைபோட்டு, ஏன் அப்படி முடிவெடுத்தீர்கள் என்று இரண்டு வரி எழுதிக் கோப்பில் வையுங்கள். அடுத்த நிருபர் வரும்போது அந்தக் கோப்பு அவர் கைக்குப் போக வேண்டும்.