மார்கழிக் குளிரில் விரால்: தவளை லூர் போடும் முறை

போன மார்கழியில் மட்டும் ஏழு விரால் என் கை நழுவிப் போனது. பொளக் என்று தண்ணீர் கலங்கும், தவளை லூர் (தவளை வடிவ ரப்பர் போலி இரை) உள்ளே போகும், சுண்டி இழுப்பேன், வெறும் லூர் பறந்து வந்து காலடியில் விழும். இந்த மார்கழியில் அதே ஏரி, அதே லூர். போன ஞாயிறு காலை நண்பனும் நானும் ஆளுக்கொரு விராலோடு வீடு திரும்பினோம். இடையில் என்ன மாறியது என்பதைத்தான் எழுதுகிறேன். ராடும் ரீலும் கையில் இருக்கிறது, ஓரளவுக்கு வீச வரும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஏரியும் அனுமதியும்

எங்கள் ஏரி கடலூரிலிருந்து தென்பெண்ணைப் பாலம் தாண்டி, முள்ளோடை வழியாகப் பாகூர் பக்கம் போகும் வழியில் இருக்கிறது. பெரிய ஏரி இல்லை. மழை முடிந்து மார்கழி வரும்போது நிரம்பி, ஓரமெல்லாம் அல்லியும் கோரையும் மண்டிக் கிடக்கும்.

பல ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைக்காரரிடம் கேட்காமல் தூண்டில் போடாதீர்கள். முந்தின நாள் மாலையே ஊருக்குள் போய், டீக்கடையில் விசாரித்து, அவரை நேரில் பார்த்துக் கேட்டுவிடுங்கள். எங்களிடம் அவர் சொன்னது, "ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க, வலை மட்டும் வேணாம்." அவ்வளவுதான். ஊசுடு ஏரி பறவைகள் சரணாலயம். தூண்டிலோடு அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

சாமான்

ஆறரை அடியிலிருந்து ஏழு அடிக்குள், கொஞ்சம் விறைப்பான ராடு. பாசிக்குள்ளிருந்து மீனைத் தூக்க வேண்டும், வளைந்து கொடுக்கிற ராடு இதற்கு ஆகாது. ரீல் என்றால் புதிதாக வருகிறவர்களுக்கு 3000 அளவு ஸ்பின்னிங் ரீல்தான் என் சிபாரிசு. பெய்ட்காஸ்டர் என்ற இன்னொரு வகை ரீலை வாங்கச் சொல்லிக் கடையில் வற்புறுத்துவார்கள். அதில் லைன் சிக்கிக்கொண்டால் அதைப் பிரித்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். லைன் 40 பவுண்ட் பிரெய்டு, அதாவது பின்னல் நூல். நைலான் நரம்பு இழுத்தால் நீளும், அல்லித் தண்டில் உராய்ந்து அறுந்தும் போகும்.

லூர், உள்ளே காற்றுள்ள ரப்பர் தவளை, 8 முதல் 12 கிராம். உயிர்த் தவளையைக் கோப்பது எனக்கு ஒப்பாது, அதற்குத் தேவையும் இல்லை. பிரெய்டை நேராக லூரிலேயே பாலோமர் முடிச்சால் கட்டுகிறேன். முடிச்சை இரவே வீட்டில் கட்டி வைத்துவிடுங்கள். மார்கழி விடியலில் 20, 21 டிகிரியில் அரை மணி நேரம் பைக் ஓட்டிய பிறகு விரல் விறைத்திருக்கும், அந்த விரலால் போடுகிற முடிச்சு சரியாக இறுகாது.

கட்டின கையோடு இன்னொரு வேலை. தவளையின் முதுகோடு ஒட்டினாற்போல் இரண்டு கொக்கி மேல்நோக்கி இருக்கும். பாசியில் மாட்டாமல் இருக்கத்தான் அந்த அமைப்பு. ஆனால் கடையிலிருந்து வரும்போது முனை ரப்பருக்குள் அமுங்கியே இருக்கும். இடுக்கியால் ஒவ்வொரு கொக்கியையும் வெளிப்பக்கமாக ஒரு நெல் கனத்துக்கு விரியுங்கள், அதற்கு மேல் வேண்டாம். முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து லேசாக இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் மழுங்கிவிட்டது, அரம் போடுங்கள்.

எந்தக் கரை, எத்தனை மணி

மீனின் உடம்பு தண்ணீரின் சூட்டைப் பொறுத்துத்தான் இயங்கும். தண்ணீர் குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும், இரையைத் துரத்திக்கொண்டு வராது. கோடையில் நாலு முழம் தள்ளிப் போகிற தவளையைப் பாய்ந்து பிடிக்கிற அதே விரால், மார்கழியில் வாய்க்கு நேரே வந்தால்தான் திறக்கும். அதனால் ஐந்து மணிக்கே கரையில் நின்று வீசிப் பயனில்லை. எட்டு மணியிலிருந்து பத்தரை வரைக்கும்தான் எங்களுக்குக் கடித்தது.

விடிந்ததும் வெயில் முதலில் விழுவது மேற்குக் கரை ஓரத்துத் தண்ணீரில். கிழக்குக் கரையில் பனைமரமும் கருவேலமும் நின்றால் அந்த ஓரம் வெகுநேரம் நிழலில்தான் கிடக்கும். மேற்குக் கரையில், முழங்கால் ஆழத்தில், அல்லி இலைக்கு நடுவே இடைவெளி உள்ள இடமாகப் பாருங்கள். சூரியனைப் பார்த்து நிற்பதால் நம் நிழல் பின்னால் விழும், மீன் மிரளாது. கண் கூசும், அதற்குத் தண்ணீரின் பளபளப்பைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கொக்கியோடு லூர் முகத்தை நோக்கித் திரும்பி வரும்போதும் அந்தக் கண்ணாடிதான் காப்பாற்றும். பத்தரைக்கு மேல் கிழக்கிலிருந்து கடல் காற்று எழும்பினால் எதிர்த்து வீச வராது, சாமானைக் கட்டிவிடலாம்.

கரையில் நடக்கும்போது ஷூ கட்டாயம். நிரம்பின ஏரியின் கரை வழுக்கும், வெயில் காய வரும் பாம்பும் அங்கேதான் கிடக்கும்.

வீசுவது

உடனே வீசாதீர்கள். விரால் செவுளால் மட்டும் உயிர் வாழாது, மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். அந்தக் குமிழும் வட்டமும்தான் நமக்கு அடையாளம். குளிரில் அது மேலே வருவதும் குறைவு, அதனால் பத்து நிமிஷம் சும்மா நின்று பாருங்கள். என் நண்பன் மூங்கில் தூண்டிலும் மண்புழுவும் மட்டும் கொண்டுவருகிறவன். அவன் தக்கையைப் பார்த்துக்கொண்டே, "மாப்ள, கோரைக்கு இந்தாண்ட ஒண்ணு மூச்சு விட்டுச்சு பார்" என்பான். நான் லூர் மேலேயே கண்ணாக இருந்து தவறவிட்டதெல்லாம் அவன் கண்ணில் பட்டுவிடும்.

வட்டத்தின் மேலேயே போடாமல் இரண்டு மூன்று அடி தாண்டிப் போட்டு, மெதுவாக அதன் மேல் கொண்டுவாருங்கள். ஒரு சாண் இழுத்து நிறுத்துங்கள். பத்து எண்ணுங்கள். இலை இடைவெளிக்கு வந்ததும் தவளையை நகர்த்தாமல் ராடின் நுனியை மட்டும் ஆட்டுங்கள். முதல் தடவை எடுக்காவிட்டால் அதே தடத்தில் மூன்றாவது, நான்காவது தடவையும் போடுங்கள். போன ஞாயிறு எனக்குக் கடித்தது ஐந்தாவது வீச்சில்.

சுண்டி இழுக்கும் நேரம்

ஏழு மீனை நான் இழந்த இடம் இதுதான், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

விரால் தவளையை முதலில் வாயின் முன்பக்கத்தில்தான் கவ்வும். அந்த நொடியில் ரப்பர் இன்னும் உப்பலாகவே இருக்கும், கொக்கி அதன் மறைவில் இருக்கும். அப்போது இழுத்தால் ஈரச் சோப்பு மாதிரி நழுவி வெளியே வந்துவிடும். மீன் வாயை மூடி, தவளையை நசுக்கி, திரும்பிக் கீழே இறங்கும்போதுதான் கொக்கி முனை வெளியே வருகிறது. குளிரில் அது திரும்புவதே மெதுவாகத்தான்.

ஏழாவது மீன் போனபோது நண்பன் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான். "ஏன்டா பிடுங்குற? அது வாய மூட வேணாமா? தண்ணி சத்தத்தக் கேட்டு இழுக்காத, கையில கனம் தெரியட்டும்." தக்கை அமுங்கியதும் இழுக்காமல், அது பக்கவாட்டில் நகர்கிறவரை காத்திருக்கிற பழக்கம் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதையேதான் லூருக்கும் சொன்னான்.

இப்போது நான் செய்வது இது. தண்ணீர் கலங்கியதும் ராடின் நுனியை மீனை நோக்கித் தாழ்த்துகிறேன். தொய்வாகக் கிடக்கும் லைனை மட்டும் சுருட்டுகிறேன், இறுக்குவதில்லை. பச்சை லைன் தண்ணீர் மேல் மெல்ல நேராகி, ஒரு பக்கமாக ஊரத் தொடங்கும். ஆள்காட்டி விரலில் கனம் ஏறும். அப்போது இரண்டு கையாலும் ராடை மேல்நோக்கி ஓங்கி இழுக்கிறேன். அதன் பிறகு ஒரு நொடி கூடத் தொய்வு கொடுக்கக் கூடாது. ரீலின் டிராகை (மீன் இழுத்தால் லைன் வெளியே ஓடுவதைக் கட்டுப்படுத்தும் பிடி) முன்பே நன்றாக இறுக்கி வைத்திருந்தால், மீனின் தலையை இலைக்கு மேலே கொண்டுவந்து, இலை மேலேயே வழுக்கி இழுத்துவிடலாம். அடியில் போய் வேரைச் சுற்ற விட்டால் திரும்ப வராது.

கரைக்கு வந்த பிறகு

விரால் உடம்பு வழவழவென்று இருக்கும், கையால் அமுக்கினால் நழுவி ஏரிக்கே போய்விடும். வாயைப் பிடிக்கும் இடுக்கியால் தாடையைப் பிடித்து, நீள மூக்கு இடுக்கியால் கொக்கியைக் கழற்றுங்கள். காற்றைச் சுவாசிக்கிற மீன் என்பதால் நனைத்த சாக்கில் வைத்தாலே வீடு வரைக்கும் உயிரோடு வரும். சிறியதை விட்டுவிடுங்கள். மேல் தண்ணீரில் சிவப்புக் குஞ்சுகள் கூட்டமாகத் தெரிந்தால் அந்தப் பக்கம் லூரே போடாதீர்கள். கீழே பெரிய விரால் காவலுக்கு நிற்கும். அதை எடுத்தால் குஞ்சு மொத்தமும் மற்ற மீனுக்கு இரையாகிவிடும்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துவிட்டு மூன்று பேர் ஒரே சிக்கலை எழுதியிருந்தார்கள்: பத்து வீச்சுக்குப் பிறகு தவளை பாதி மூழ்கி, மல்லாந்து போகிறது. ரப்பருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது, வேறொன்றுமில்லை. கொக்கித் தண்டு வெளியே வரும் ஓட்டை கீழே பார்க்கும்படி பிடித்து, நன்றாக அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுங்கள். நான் ஐந்து வீச்சுக்கு ஒரு தடவை இதைச் செய்கிறேன். மீன் கடித்துக் கிழித்த லூர் என்றால் சூப்பர் குளூ ஒரு சொட்டு வைத்து இரவெல்லாம் காயவிடுங்கள். முழுக்கக் காயாமல் தண்ணீரில் போட்டால் ஒட்டு பிரிந்துகொள்ளும்.