இசைத்தட்டா டிஜிட்டலா: வீட்டிலேயே நியாயமாக ஒப்பிடும் முறை

தட்டைச் சுழலவிட்டு, அதே பாட்டைக் கணினியிலும் ஓட்டி, "தட்டுதான் இனிமை" என்று தீர்ப்புச் சொல்வது சுலபம். அந்தத் தீர்ப்பை எழுதியது பெரும்பாலும் ஒலி அளவுதான். அரை டெசிபல் கூடினால் காதுக்கு அது சத்தமாகத் தெரியாது. தெளிவாக, நிறைவாகத் தெரியும். அடுத்த ஏமாற்று, மாஸ்டரிங், அதாவது வெளியிடும் முன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்வது. தட்டு வெட்டும்போது தாழ்ந்த ஸ்வரங்களை இரு சேனலுக்கும் பொதுவாக நடுவில் வைப்பார்கள், 'ஸ' ஒலியின் கூர்மையை அடக்குவார்கள். டிஜிட்டல் பதிப்பையோ பல சமயம் லிமிட்டர் (உச்சங்களை மட்டுப்படுத்தும் கருவி) போட்டு இறுக்கியிருப்பார்கள். அப்படியானால் நீங்கள் கேட்பது இரண்டு மாஸ்டர்களை, ஊடகங்களை அல்ல.

முதலில் டர்ன்டேபிள் ஒழுங்காக இருக்க வேண்டும். ஊசி எடையை கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக்கும் பகுதி) தயாரிப்பாளர் சொன்ன அளவில், சிறிய ஊசித் தராசில் வைத்துப் பாருங்கள். பல கார்ட்ரிட்ஜ்களுக்கு அது 1.5 முதல் 2 கிராம். எடையைக் குறைத்தால் தட்டு தேயாது என்பது தப்புக் கணக்கு. லேசான ஊசி பள்ளத்தின் சுவரோடு ஒட்டாமல் துள்ளும். உரத்த இடங்கள் கரகரக்கும், சுவரும் சிதையும்.

மூவிங் மேக்னட் என்ற வகை கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். சிடி பிளேயர் தருவது 2 வோல்ட். போதாததற்கு, வெட்டும்போது பாஸைக் (தாழ்ந்த ஒலியை) குறைத்து ட்ரெபிளை (உயர்ந்த ஒலியை) ஏற்றியிருப்பார்கள். 1 கிலோஹெர்ட்ஸை ஒப்பிட்டால் இரு ஓரங்களிலும் கிட்டத்தட்ட 20 டெசிபல் வித்தியாசம். இதைச் சரிசெய்வது ஃபோனோ ப்ரீஆம்ப். அது இல்லாமல் சாதாரண இன்புட்டில் செருகினால் ஒலி மெலிந்து தகரம் போல் வரும். டர்ன்டேபிளிலும் ஆம்ப்ளிஃபையரிலும் ப்ரீஆம்ப் இரண்டு முறை வேலை செய்தால் பாஸ் பொங்கி ஒலி உடையும். ஓயாமல் 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் வந்தால் கிரவுண்ட் ஒயரைப் பாருங்கள். வேகத்துக்கு, சோதனைத் தட்டின் (அளவான தொனிகள் பதிந்த தட்டின்) 3150 ஹெர்ட்ஸ் தொனி போதும்: அளக்கும்போது 3180 வந்தால் 1 சதவீதம் வேகமாக ஓடுகிறது, பாட்டும் அந்த அளவுக்கு ஸ்ருதி ஏறியிருக்கும்.

ஊடகத்தை மட்டும் ஒப்பிட ஒரே நேர்வழி, அந்தத் தட்டையே பதிவு செய்து, தட்டோடு மோதவிடுவது. அப்போது மாஸ்டர் ஒன்று, சொடக்குச் சத்தங்களும் ஒன்று.

1. ஃபோனோ ப்ரீஆம்பின் அவுட்புட்டை ஆடியோ இன்டர்ஃபேஸின் (ஒலியைக் கணினிக்குள் பதியும் பெட்டியின்) லைன் இன்புட்டில் கொடுங்கள். மைக் இன்புட் வேண்டாம். 24 பிட், 44.1 அல்லது 96 கிலோஹெர்ட்ஸ். தட்டிலேயே உரத்த இடம் மைனஸ் 6 டெசிபல் அருகே நிற்கட்டும். 0-வைத் தாண்டி வெட்டுப்பட்டதை மீட்க முடியாது.

2. சோதனைத் தட்டின் 1 கிலோஹெர்ட்ஸ் தொனியையும் அதே அமைப்பில் பதியுங்கள். தட்டிலிருந்து ஒரு முறை, கோப்பிலிருந்து ஒரு முறை ஒலிக்கவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரின் ஏசி வோல்ட்டைப் பாருங்கள். இரண்டும் 1 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் வித்தியாசம் 0.1 டெசிபலுக்குள். மலிவான மீட்டர் இந்த அதிர்வெண்ணில் தப்பாகக் காட்டலாம். இரண்டுக்கும் ஒரே தப்பு என்பதால் பாதகமில்லை. மீட்டர் முனைகள் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது, ஆம்ப்ளிஃபையர் போய்விடும்.

3. இன்னொருவர் மாற்றிமாற்றிப் போடட்டும், நாணயம் சுண்டி வரிசையை முடிவு செய்து, உங்கள் கண்ணில் படாமல். ஒரே இடத்திலிருந்து 20 விநாடி போதும். ஊசி இறங்கும் சத்தம் காட்டிக்கொடுக்கும். இறங்கிய பிறகே வால்யூமை, குறித்துவைத்த அளவுக்கு ஏற்றச் சொல்லுங்கள். ஓடுவது தட்டா கோப்பா என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். 16 முறையில் 12 அல்லது அதற்கு மேல் சரியாக வந்தால் கணக்கில் எடுக்கலாம். குருட்டு ஊகத்தில் அது 100-க்கு 4 முறைதான் நடக்கும்.

கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், உங்களுக்குப் பிடித்த அந்த 'வெதுவெதுப்பு' கோப்புக்குள்ளும் போய்விட்டது. அது வெட்டிய விதத்திலும் கார்ட்ரிட்ஜிலும் பிறந்தது.

கடையில் வாங்கிய டிஜிட்டல் பதிப்போடு ஒப்பிடும்போது உச்ச அளவைச் சமன் செய்யாதீர்கள். சராசரி உரப்பைச் சமன் செய்யுங்கள். 'டைனமிக் ரேஞ்ச்' எண்ணையும் (உச்சத்துக்கும் சராசரிக்கும் உள்ள இடைவெளியை) நம்ப வேண்டாம். அதே மாஸ்டரைத் தட்டில் வெட்டி மறுபடி பதிந்தாலே ஃபேஸ் (அலைகளின் நேர ஒழுங்கு) நகர்ந்து உச்சங்கள் உயர்ந்து, எண் கூடிவிடும். பக்கத்தின் முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் தனித்தனியே கேளுங்கள்: 12 அங்குல, 33⅓ சுழற்சித் தட்டின் வெளி ஓரத்தில் பள்ளம் விநாடிக்கு சுமார் 50 சென்டிமீட்டர் ஓடுகிறது, உள்ளே 21 தான். நெருக்கிப் பதிந்த ட்ரெபிள் அங்கே மங்குவதும் கரகரப்பதும் இயல்பு.

ஒரு பொறி மிச்சம் இருக்கிறது. பதிவு செய்யும்போது ஸ்பீக்கரை அணைத்திருந்து, கேட்கும்போது உரக்க வைத்தால், தட்டு ஓடும் நேரத்தில் மட்டும் ஸ்பீக்கர் அதிர்வு ஊசிக்கு ஏறும். தட்டு 'கனமாக' ஒலிக்கிறது என்று தோன்றினால், டர்ன்டேபிளை ஸ்பீக்கர் இருக்கும் அலமாரியிலிருந்து எடுத்து வேறிடத்தில் வைத்து இன்னொரு முறை சோதியுங்கள்.