ரொறன்ரோவின் குளிரும் பூமியின் சாய்வும்

ரொறன்ரோவில் முதல் குளிர்காலத்தைச் சந்திக்கும் நம்மவர்கள் பலர், சூரியன் தொலைவுக்குப் போய்விட்டதால்தான் இப்படிக் குளிர்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. பூமி சூரியனுக்கு மிக அருகே, சுமார் 14 கோடியே 71 லட்சம் கிலோமீற்றர் தொலைவில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில்தான். இங்கு வெயில் கொளுத்தும் ஜூலைத் தொடக்கத்திலோ அது இன்னும் 50 லட்சம் கிலோமீற்றர் விலகியிருக்கும்.

பருவங்களை உண்டாக்குவது பூமியின் அச்சுச் சாய்வே. 23.4 பாகை சாய்ந்த அச்சு எப்போதும் துருவ நட்சத்திரத்தின் பக்கமே நோக்கியிருக்க, பூமி சூரியனைச் சுற்றி வருவதால், வட அரைக்கோளம் ஜூனில் சூரியனை நோக்கியும் டிசம்பரில் அதைவிட்டு விலகியும் சாய்ந்திருக்கிறது. யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் அங்கே ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும், 43.7 பாகை வடக்கே உள்ள ரொறன்ரோவில் அது ஆறரை மணி நேரம்.

பகல் குறைவதோடு வெயிலும் வலுவிழக்கிறது. டிசம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் நண்பகல் சூரியன் 57 பாகை உயரத்தில் நிற்கும்போது, இங்கே 23 பாகைக்கு மேல் ஏறாது. அன்று நண்பகலில் பஸ் தரிப்பிடத்தில் நிற்பவரின் நிழல் அவர் உயரத்தைப்போல் இரண்டே கால் மடங்குக்கும் மேல் நீண்டு கிடப்பதைக் காணலாம். சரிந்து விழும் கதிர்கள் பரந்த நிலத்தில் சிதறுவதால், ஒவ்வொரு சதுர அடிக்கும் கிடைக்கும் வெப்பம் ஜூன் நண்பகலில் கிடைப்பதில் பாதிகூட இல்லை. ஆகவே வாடகைக்கு வீடு பார்க்கும்போது, குறிப்பாக பேஸ்மென்ட் என்றால், தெற்கு நோக்கிய யன்னல் உண்டா என்று கேளுங்கள். தாழ்ந்த குளிர்கால வெயில் நேராக உள்ளே வருவது அந்த வழியாகத்தான். இந்த மாதங்களில் தோலில் விற்றமின் டி போதிய அளவு உருவாகாது என்பதால், அதுபற்றிக் குடும்ப மருத்துவரிடம் பேசுவதும் அவசியம்.

டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். வேலை முடிந்து தெருவைக் கடப்பவர்கள் வெளிர்நிற மேலாடையோ ஒளியைத் திருப்பும் பட்டியோ அணிவது நல்லது. கடிகாரத்தை நவம்பர் முதல் ஞாயிறன்று ஒரு மணி பின்னும், மார்ச் இரண்டாம் ஞாயிறன்று ஒரு மணி முன்னும் மாற்றுவார்கள்.

தைப்பொங்கலுக்குள் பகல் ஏறத்தாழ 20 நிமிடம் நீண்டிருந்தாலும் குளிர் விட்டது என்று எண்ண வேண்டாம். நிலமும் ஒன்ராறியோ ஏரியும் பெறும் வெப்பத்தைவிட இழப்பது இன்னும் சில வாரங்களுக்குக் கூடுதலாகவே இருப்பதால், கடுங்குளிர் ஜனவரி இறுதியையும் பெப்ரவரியையும் ஒட்டியே வரும். நீலவானம் தெளிந்த நாளைப் பார்த்தும் ஏமாறாதீர்கள்; போர்வையாக நின்று இரவில் வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் மேகம் இல்லாதபோதுதான் குளிர் மிகும். நிலமும் ஏரியும் சூடேறுவதில் உள்ள தாமதத்தால் ஏப்ரலில் நல்ல வெயில் அடித்தாலும் இரவில் உறைபனி விழும். மே மாதத்து விக்டோரியா தின விடுமுறை வரையாவது கத்தரி, மிளகாய் நாற்றுகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள்.