நாலு நாளில் கிடைச்ச தரம் ஒன்று

என்ரை மகன் ஜனவரி 27 பிறந்தவன். இலங்கையில் தரம் 1இல் சேர அந்த வருசம் ஜனவரி 31க்குள் ஐந்து வயது நிரம்ப வேணும் என்பதால் நாலு நாள் வித்தியாசத்தில் உள்ளே போயிட்டான். தன்னைவிட கிட்டத்தட்ட ஒரு வயது மூத்த பிள்ளையளோடு ஒரே வாங்கு.

‘ட’வையும் ‘ப’வையும் மாற்றி மாற்றி எழுதினான். பக்கத்து வீட்டுப் பிள்ளை வசனம் எழுதுது என்று கேட்டதும் எனக்கு நித்திரை போச்சு. ரியூசன் பிடித்தேன். மூன்றாம் நாள் பென்சிலைக் கண்டாலே அழுதான். அடுத்த வருசம் திருப்பி இருத்துவமோ என்றுகூட யோசித்தேன்.

வகுப்பு ரீச்சரிட்டைப் போனேன். “அம்மா, தரம் ஒன்றும் இரண்டும் சேர்ந்துதான் முதலாம் நிலை. இரண்டு வருசம் இருக்கு, ஏன் அவசரப்படுறியள்?” என்றா.

ரியூசனை அன்றே நிறுத்தினேன். அப்பம்மா முற்றத்து மணலைத் தடவிவிட்டு, அவன்ரை விரலைப் பிடித்து ஒரு கோடு கீழே, ஒரு கோடு வலப்பக்கம் இழுத்தா: ‘ட’. அதின்ரை வலது முனையிலிருந்து மேல்நோக்கி இன்னொரு கோடு: ‘ப’. தானே கண்டுபிடித்தவன் மாதிரித் துள்ளினான். எண்ணுக்குப் பத்துப் புளியங்கொட்டை. நான் மூன்றை ஒளிச்சால் எத்தனை குறையுது என்று அவன் கண்டுபிடிக்க வேணும். முழுப் பென்சிலைப் பொத்திப் பிடிச்சவனுக்கு விரல்நீளத் துண்டுப் பென்சில் கொடுத்தேன். பொத்த இடமில்லை, மூன்று விரல் தானாக வந்தது.

மூன்றாம் தவணையில் ஒருநாள் கொப்பியோடு குசினிக்குள் ஓடிவந்தான். கோணலாக, ஆனால் பிழையில்லாமல் எழுதியிருந்தான்: ‘படம்’.