அறிவு மேலாண்மை: வளரும் நாடுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. அறிவு மேலாண்மை என்பது ஒருவரிடம் உள்ள அறிவைத் தேவைப்படுபவரிடம் கொண்டுசேர்ப்பது. வளரும் நாடுகளின் அறிவு மேலாண்மைத் திட்டங்களில் பெரும்பாலான பணம் அந்த ஏட்டுக்கே போகிறது. இணையதளம், தரவுத்தளம், ஆவணக் காப்பகம் எல்லாம் உருவாகின்றன. ஆனால் ஒரு தொழிற்சாலையின் உற்பத்தியோ, ஒரு வயலின் விளைச்சலோ, ஓர் அலுவலகத்தின் முடிவோ மாறுவதில்லை. பொருளாதாரம் வளர்வது இந்த இடங்களில்தான். அறிவு அங்கே போய்ச் சேராமல் தடுக்கும் தவறுகளைப் பார்ப்போம்.

சேமிப்பதையே மேலாண்மை என்று எண்ணுவது

உலக வங்கி 1996இல் தன்னை ஓர் அறிவு வங்கியாக மாற்றிக்கொள்ளப் போவதாக அறிவித்தது. 2014இல் அதே வங்கியின் ஆய்வாளர்கள் அதன் கொள்கை அறிக்கைகளை யார் படிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். 31 சதவீதத்துக்கும் மேலான அறிக்கைகளை ஒருவர்கூடத் தரவிறக்கவில்லை. சுமார் 87 சதவீத அறிக்கைகள் எங்கும் மேற்கோள் காட்டப்படவே இல்லை. நிதிக்கும் நிபுணர்களுக்கும் குறைவில்லாத நிறுவனத்திலேயே இதுதான் நிலை என்றால், ஒரு மாவட்ட வேளாண் அலுவலகம் பிடிஎஃப் கோப்புகளை ஏற்றிவைப்பதால் என்ன நடந்துவிடும்?

தளத்துக்கு டெண்டர் விடுவதற்கு முன்பு ஒரு மாதத்தை வேறு வேலைக்கு ஒதுக்க வேண்டும். துறையில் அடிக்கடி எடுக்கப்படும் ஒரே ஒரு முடிவைத் தேர்ந்தெடுங்கள். இந்தப் பருவத்துக்கு எந்த விதை ரகம், எந்தச் சாலையை முதலில் பழுது பார்ப்பது என்பது போன்ற ஒன்று. அந்த முடிவை எடுப்பது யார், வருடத்தில் எத்தனை முறை, அப்போது அவருக்கு வரும் சந்தேகங்கள் என்ன, இப்போது யாரிடம் கேட்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து பேரிடம் பேசினாலே அடிப்படையான இருபது கேள்விகள் கிடைத்துவிடும். அவர்கள் பக்கத்துக் கோட்டத்துப் பொறியாளரைப் போனில் கேட்டே வேலையை முடிப்பவர்கள் என்றால், அந்தப் பொறியாளர்களை மாதம் ஒருமுறை ஒன்றாக உட்கார வைப்பது இணையதளத்தைவிட அதிகப் பயன் தரும். தளம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பொறுப்பாளர் பெயரும் காலாவதித் தேதியும் கட்டாயம். பன்னிரண்டு மாதமாக யாரும் சரிபார்க்காத பக்கத்தை எடுத்துவிட வேண்டும். பழைய மருந்தளவு, பழைய வரிவிகிதம் ஆகியவை தகவலே இல்லாததைவிட ஆபத்தானவை.

ஆளை விட்டுவிட்டுக் கையேட்டை மட்டும் கொண்டுவருவது

வங்கதேசத்தின் ஆயத்த ஆடைத் தொழில் இந்த விஷயத்தில் பெரிய பாடம். தேஷ் கார்மென்ட்ஸ் என்ற நிறுவனம் தென்கொரியாவின் தேவூ நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து, 1979இல் 130 பேரை பூசான் நகரில் இருந்த தேவூ ஆலைக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பியது. அவர்கள் கற்றுவந்தது தையல் மட்டுமல்ல. தையல் வரிசையை எப்படிப் பிரிப்பது, தரத்தை எந்த இடத்தில் சோதிப்பது, வெளிநாட்டு வாங்குபவரிடம் எப்படி விலை பேசுவது என்பதெல்லாம் சேர்ந்தே வந்தன. அதோடு, ஏற்றுமதிக்கான துணியைச் சுங்கவரி கட்டாமல் பிணைக்கிடங்கில் வைக்கும் முறையும், வாங்குபவர் தந்த கடனுறுதிக் கடிதத்தை (பணம் தருவதாக வங்கி எழுதித் தரும் உறுதி) பிணையாகக் காட்டித் துணிக்கு இன்னொரு கடனுறுதிக் கடிதம் திறக்கும் முறையும் அங்கே வேரூன்றின. இந்த இரண்டும் இல்லாமல் கைமுதல் குறைந்த ஒருவர் ஏற்றுமதி ஆலை தொடங்கியிருக்க முடியாது. அரசும் வங்கிகளும் கற்றுக்கொள்ள வேண்டிய அறிவு இது.

அடுத்த சில ஆண்டுகளில் அந்த 130 பேரில் 115 பேர் தேஷை விட்டு வெளியேறினார்கள். சிலர் சொந்தமாக ஆலை தொடங்கினார்கள், மற்றவர்கள் வேறு ஆலைகளுக்குப் போனார்கள். ஒரு நிறுவனத்தின் கணக்கில் இது நஷ்டம். நாட்டின் கணக்கில் ஒரு தொழிலே பிறந்தது. பயிற்சி பெற்றவர்களை நீண்ட காலப் பத்திரத்தில் கட்டிப்போடும் அரசுகள் இந்தக் கணக்கை மறந்துவிடுகின்றன. கைப்பக்குவம் மனிதர்களோடுதான் இடம்பெயரும். அவர்கள் நகர்ந்தால்தான் அதுவும் நகரும்.

எனவே தனி ஒருவரை அனுப்பாதீர்கள். இயந்திரம் ஓட்டுபவர், பழுது பார்ப்பவர், தரம் சோதிப்பவர், விற்பனை பார்ப்பவர் எல்லோரும் ஒரே குழுவாகப் போக வேண்டும். திரும்பி வரும்போது அவர்கள் கற்றதைச் செய்து பார்க்க இயந்திரமும் இடமும் தயாராக இருக்க வேண்டும். ஒரு வருடம் கழித்துத்தான் இயந்திரம் வரும் என்றால் அதற்குள் கை மறந்துவிடும். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும் அதிகாரியை மூன்று நாள் கருத்தரங்குக்கு அனுப்புவதை, அது எந்த நாட்டில் நடந்தாலும், பயிற்சிக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இரவல் அறிவை மண்ணுக்கு ஏற்ப மாற்றாமல் நடுவது

பிரேசிலின் செராடோ புல்வெளி ஒரு காலத்தில் விவசாயத்துக்கு ஆகாத நிலம் என்று ஒதுக்கப்பட்டிருந்தது. மண்ணில் அமிலம் அதிகம், அலுமினியம் வேரைக் கருக்கும், பாஸ்பரஸ் மிகக் குறைவு. சோயாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் பயிர் அது. மிதவெப்ப நாட்டு ரகத்தை நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் விதைத்தால் செடி வளர்வதற்கு முன்பே பூத்து, குட்டையாக நின்று, விளைச்சல் இல்லாமல் போகும். விதையும் கையேடும் இறக்குமதி செய்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

1973இல் தொடங்கிய எம்ப்ராபா என்ற அரசு ஆய்வு நிறுவனம் வேறு வழியில் போனது. ஏராளமான ஆய்வாளர்களை வெளிநாடுகளுக்கு மேற்படிப்புக்கு அனுப்பி, திரும்பியதும் செராடோ மண்ணிலேயே வேலை செய்ய வைத்தது. ஹெக்டேருக்குப் பல டன் சுண்ணாம்பு இட்டு அமிலத்தைத் தணித்தார்கள். குறுகிய பகலிலும் தாமதமாகப் பூக்கும் ரகங்களை உருவாக்கினார்கள். தழைச்சத்து உரத்துக்குப் பதிலாக, காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வேர்முடிச்சுப் பாக்டீரியாவைப் பயன்படுத்தினார்கள். பலன் தெரியப் பல ஆண்டுகள் பிடித்தன. மூன்று வருடத் திட்டக் காலத்துக்குள் இது நடந்திருக்காது.

இதற்கு நேர்மாறான உதாரணம் பெரு. அங்கே 8 லட்சத்துக்கும் அதிகமான மடிக்கணினிகள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்டன. அமெரிக்க நாடுகளுக்கிடையேயான வளர்ச்சி வங்கியின் 2012 ஆய்வு, கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் காணவில்லை. கருவி வந்து சேர்ந்தது. அதை வைத்து எப்படிப் பாடம் நடத்துவது என்ற அறிவு வகுப்பறையில் விளையவில்லை.

மேலிருந்து கீழே மட்டும் செய்தி அனுப்புவது

1970களில் தொடங்கி உலக வங்கியின் ஆதரவோடு பல நாடுகளில் பரவிய ‘பயிற்சியும் வருகையும்’ என்ற வேளாண் விரிவாக்க முறையில், களப்பணியாளர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தேர்ந்தெடுத்த சில விவசாயிகளைச் சந்தித்து, மேலிருந்து வந்த செய்தியை ஒப்பிப்பார். ஒரே செய்தி எல்லா வயலுக்கும் பொருந்தவில்லை, சம்பளச் செலவோ மிக அதிகம். வெளிநாட்டுப் பணம் நின்றதும் பல இடங்களில் அமைப்பும் நின்றது.

இந்தோனேசியாவில் புகையான் பூச்சி நெல்லை அழித்தபோது, பூச்சிமருந்து சிலந்தி போன்ற இயற்கை எதிரிகளைக் கொல்வதால்தான் பூச்சி பெருகுகிறது என்பது தெரிய வந்தது. 1986இல் அரசு 57 மருந்துகளை நெல்லுக்குத் தடை செய்தது. 1989 முதல் வயல்வெளிப் பள்ளிகள் நடந்தன. சுமார் 25 விவசாயிகள் ஒரு பருவம் முழுக்க வாரம் ஒருநாள் வயலில் இறங்கிப் பூச்சிகளை எண்ணி, மருந்து வேண்டுமா என்று தாங்களே முடிவெடுத்தார்கள். இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. கற்றவர்களிடமிருந்து அண்டை வயல்காரர்களுக்கு இது தானாகப் பரவவில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் கண்டன. புது விதை ரகம் வேலி தாண்டிப் போகும். கண்ணால் பார்த்து எடை போடும் திறன் அப்படிப் போகாது. அதற்குத் தனியாகச் செலவு ஒதுக்க வேண்டும்.

மாறுதலோடும் ஆலோசகரோடும் அறிவு வெளியேறுவது

அதிகாரி மாறுகிறார், மேசை காலியாகிறது, புதியவர் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார். குறைந்தது இரண்டு வாரம் இருவரும் சேர்ந்து வேலை செய்ய விதி வேண்டும். ஒப்படைப்புக் குறிப்பு மூன்று பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நிலுவை முடிவுகளும் கெடுவும், எடுத்த முடிவுகளின் காரணம், முயன்று தோற்றவை, எந்தச் சிக்கலுக்கு யாரை அழைப்பது என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். காரணம்தான் முக்கியம். முடிவு எப்படியும் கோப்பில் இருக்கும்.

ஆலோசகர் ஒப்பந்தத்தில் இறுதி அறிக்கையை மட்டும் கேட்பது பரவலான பிழை. மூலத் தரவு, சூத்திரம் அழிக்கப்படாத கணக்கீட்டு விரிதாள், நேர்காணல் குறிப்புகள் ஆகியவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். துறை ஊழியர் ஒருவர் அந்தக் கணக்கீட்டைத் தனியாக ஓட்டிக் காட்டும் வரை கடைசித் தவணையில் ஒரு பகுதியை நிறுத்தி வைக்கலாம்.

ஒரு வேலை தோற்றால் எழுதும் குறிப்புக்கும் ஒரு நிபந்தனை உண்டு. என்ன திட்டமிட்டோம், என்ன நடந்தது, ஏன் வித்தியாசம், அடுத்த முறை என்ன மாற்றுவோம் என்று இரண்டு வாரத்துக்குள் எழுதும் குறிப்பு ஊழியரின் பணிக்கோப்பில் சேரக் கூடாது. ஒருமுறை அதை வைத்து ஒருவரைத் தண்டித்துவிட்டால் அதன்பின் யாரும் உண்மையை எழுதமாட்டார்கள்.

மரபறிவை எழுதாமல் விடுவது, எல்லாவற்றையும் திறந்துவிடுவது

மஞ்சளால் புண் ஆற்றுவதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுக்கப்பட்டது. இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் அச்சான பழைய சான்றுகளைக் காட்டி 1997இல் அதை ரத்து செய்ய வைத்தது. வெளிநாட்டு வாய்மொழிப் பழக்கத்தை, ஒன்று ஏற்கெனவே தெரிந்ததுதான் என்று காட்டும் முன்சான்றாக அமெரிக்கச் சட்டம் அப்போது ஏற்கவில்லை. இந்த அனுபவத்துக்குப் பிறகு 2001இல் தொடங்கிய மரபறிவு மின்னூலகம் சித்த, ஆயுர்வேத, யுனானிச் சுவடிகளை ஐந்து சர்வதேச மொழிகளில் தருகிறது. காப்புரிமை அலுவலகங்கள் ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தின் பேரில்தான் அதைப் பார்த்தன. ஒரு சமூகம் தன்னிடமே வைத்திருக்கும் மருந்துமுறையை அவர்கள் சம்மதமில்லாமல் பொதுத்தளத்தில் ஏற்றுவது, பாதுகாப்பு என்ற பெயரில் செய்யும் பறிப்பு.

எண்ணக்கூடியதை மட்டும் எண்ணுவது

ஏற்றிய கோப்புகள், நடத்திய பயிலரங்குகள், கலந்துகொண்டவர்கள் என்று அறிக்கை நிரம்பும். இவை செலவைச் சொல்லும், பலனைச் சொல்லாது. இன்னொரு பக்கம், உழைப்பாலும் மூலதனத்தாலும் விளக்க முடியாத வளர்ச்சி முழுவதையும் அறிவின் கணக்கில் எழுதுபவர்களும் உண்டு. அந்த மிச்சத்தில் நல்ல மழையும், விலை ஏற்றமும், கணக்கெடுப்புப் பிழையும் கலந்திருக்கும். திட்டம் தொடங்கும் முன்பே மூன்று அளவுகளை எடுத்து வையுங்கள்: ஒரு முடிவு எடுக்க எத்தனை நாள் ஆகிறது, ஒரே தவறு ஆண்டில் எத்தனை முறை திரும்புகிறது, ஒரு ஹெக்டேருக்கோ ஒரு தொழிலாளிக்கோ எவ்வளவு உற்பத்தி. பன்னிரண்டு மாதம் கழித்து அதே இடத்தில், அதே முறையில், திட்டம் போகாத பக்கத்து மாவட்டத்திலும் சேர்த்து மறுபடி அளந்து பாருங்கள்.